திட்டு வாங்குகிற மரம்

மனிதன் மரத்தை விட்டு இறங்கியதுதான் உலக வரலாற்றில் நடந்த ஒரே உருப்படியான காரியம். மற்றதெல்லாம் அந்த ஒரு இறக்கத்தின் உபயம். லிஃப்ட் மெக்கானிக் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தானே எண்ணெய் போட்டு வளர்க்கும் லிஃப்டுக்கு முன்னால் நின்று, ஸ்பேனரை உயர்த்திப் பிடித்தபடி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

“இறங்கினவன் திரும்ப மேல போகணும்னா அதுக்கு லிஃப்ட் இருக்கு. மரம் எதுக்கு?”

கேட்டுக்கொண்டிருந்தவர் மேல்மாடி பஸ் டிரைவர். நாள் முழுக்க நகரத்துச் சாலைகளில் பஸ் ஓட்டிவிட்டு வந்தவருக்கு மனித குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றி வேறு கருத்து இருந்தது. அதைச் சொல்லும் இடம் வேறு. “வர்றேண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் பக்கத்துப் பூங்காவின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

“போறான் பாரு, மரத்தைத் திட்ட” என்று மெக்கானிக் லிஃப்டிடம் சொன்னார்.

பூங்கா என்று பெயர்தான். ஓர் ஊஞ்சல், இரண்டு பெஞ்சு, தண்ணீர் வராத ஒரு குழாய், நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். நகராட்சி அதைக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் விட்டிருந்தது; அதாவது மறந்துவிட்டிருந்தது. மரத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்காததால் அது நன்றாக வளர்ந்திருந்தது.

அடுக்குமாடியைக் கட்டியவன் சுவர் விஷயத்தில் சிக்கனக்காரன். ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மறுநாள் காலை படிக்கட்டில் தீர்ப்பு வந்துவிடும். இந்த நிலையில் யாரோ ஒருவர், எப்போதோ ஒரு நாள், தாங்க முடியாமல் மரத்தடிக்குப் போய்க் கத்தியிருக்கிறார். அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலமானால் ஒருவர் மரத்துக்கு முன்னால் நின்று அன்றைய பாட்டைத் திட்டித் தீர்ப்பார். அடுத்தவர்கள் ஊஞ்சல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். காதில் விழுந்ததை வெளியே சொல்வதில்லை. முடித்துவிட்டு வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. யாராவது கேட்டால், சும்மா காற்று வாங்கப் போனோம், அவ்வளவுதான்.

மரமும் ஒத்துழைத்தது. திட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கிவிடும். வீட்டில் அப்படித் தூங்குகிறவரைத் திட்டினால் கோபம் இரட்டிப்பாகும். மரத்திடம் பாதியாகிவிடும்.

மெக்கானிக்கின் மனைவியும் தினம் அங்கே போகிறவள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. காலையில் காதில் மாட்டுகிற கருவியைச் சாயங்காலம் கழற்றும்வரை முன்பின் தெரியாதவர்கள் அவளைத் திட்டுவார்கள். லைன் போனதற்கு, பில் வந்ததற்கு, பெண்டாட்டி பேசாததற்கு. எல்லாவற்றுக்கும் அவள் “சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்” என்று தேன் ஒழுகச் சொல்ல வேண்டும். பேச்சு முழுவதும் பதிவாகும். குரல் ஒரு முறை உயர்ந்ததற்கு மேலாளர் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை உயர்ந்தால் வேலை இல்லை. ஆகவே அவள் அன்றன்றைக்குச் சேர்வதை அன்றன்றைக்கே மரத்தடியில் கொட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, மனுஷியாக வீட்டுக்குள் வருவாள்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. பூங்காவை மூடி, மரத்தை வெட்டி, கல் பாவி, கார் நிறுத்துமிடம் ஆக்குவது என்று சங்கத் தலைவர் யோசனை சொல்லியிருந்தார். தலைவர் முதல் மாடிப் பல் டாக்டர். இரண்டு கார் வைத்திருப்பவர். செயலாளர் மெக்கானிக். அவருக்குக் கார் இல்லை. ஆனால் வாங்கப் போகிறார். கல்யாணம் ஆனதிலிருந்து வாங்கப் போகிறார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்தது. சுவரை உத்தேசித்து இருவரும் கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டார்கள். கிசுகிசுவென்று கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் வருவதில்லை.

“ஒரு பொம்பளை மரத்துக்கிட்ட போய்ப் பேசறா. பாக்கறவன் என்ன நினைப்பான்?” என்றார் மெக்கானிக்.

“யாரும் பாக்க மாட்டாங்க. அங்க அதான் வழக்கம்.”

“எனக்குத் தெரியுமே. ஜன்னல்லேர்ந்து பாத்தேனே.” அவர் இடுப்பில் கையை வைத்து, கழுத்தை வெட்டி, அலமாரியைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டினார். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

மனைவி சிரிக்கவில்லை. “நாளெல்லாம் நான் செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். இன்னைக்கு ஒருத்தன் என் அம்மாவை இழுத்துப் பேசினான். ‘புரிதலுக்கு நன்றி சார்’னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதைக் கொண்டு போய் எங்க கொட்டறது? உங்க தலையிலயா?”

“கொட்டேன். நான் தாங்குவேன்.”

“சட்டைக்குப் பட்டன் நீங்களே தச்சுக்கோங்கன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்க தாங்குவீங்க!”

“அது வேற விஷயம். கோபத்தை அடக்கத் தெரிஞ்சவன்தான் மனுஷன். என்னைப் பாரு. எனக்கு எப்பவாவது மரம் தேவைப்பட்டிருக்கா?”

“உங்களுக்கு எதுக்கு மரம்? நான் இருக்கேன். எனக்குத்தான் யாரும் இல்லை.” அவள் பாத்திரத்தை மெதுவாக, சத்தம் வராமல், மிகுந்த கோபத்தோடு கீழே வைத்தாள். “அந்த மரம் போச்சுன்னா என்னைக்காவது ஒரு நாள் ஆபீஸ்ல வெடிச்சிடுவேன். இல்லைன்னா உள்ளேயே வெடிச்சிடுவேன். ரெண்டுல எதுன்னு எனக்கே தெரியாது. சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

மறுநாள் கூட்டம் லிஃப்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு நடந்தது. டாக்டர் பேசினார். டாக்டர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அந்த அவசியம் வருவதில்லை. அவர் தொழிலில், அவர் பேசும்போது எதிராளியின் வாய் திறந்திருக்கும், பதில் வராது. அந்தப் பழக்கத்தில் கூட்டத்திலும் கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போனார்.

“பார்க்கால யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒண்ணும் இல்லை. யாராவது அங்க எதுக்காவது போறீங்களா? போறதில்லை. காத்து வேணுமா? மொட்டை மாடி இருக்கு.”

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் ஒரு பூட்டும் இருந்தன.

அடுத்து மெக்கானிக் எழுந்து மனிதன் மரத்திலிருந்து இறங்கிய வரலாற்றை முழுமையாக எடுத்துரைத்தார். பிறகு, “மரத்தை நம்பி இருக்கறவங்க யாராவது இருந்தா கையைத் தூக்கலாம்” என்று சிரித்தார்.

மெக்கானிக்கின் மனைவி எழுந்தாள்.

“நான் இருக்கேன். நான் தினம் போய் அந்த மரத்தைத் திட்டறேன். அதனாலதான் இந்தக் கட்டடத்துல யாரையும் திட்டாம இருக்கேன். நீங்களும்தானே போறீங்க? சொல்லுங்க.”

அவள் நாற்காலி நாற்காலியாகப் பார்த்தாள். பஸ் டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். அவர் மனைவி தன் வளையலைப் பார்த்தாள். இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர் குடையின் கம்பிகளை ஆராய்ந்தாள். நேற்று அதே வரிசையில்தான் இவர்கள் எல்லாரும் ஊஞ்சல் பக்கம் நின்றார்கள். ஆனால் பார்க்காமலும் சொல்லாமலும் இருப்பதல்லவா வழக்கம்? வருஷக்கணக்காக ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் பழகியவர்களுக்கு இப்போது முகத்தைக் காட்டத் தெரியவில்லை. மரத்தைத் திட்டுகிறேன் என்று நாலு பேருக்கு முன்னால் ஒப்புக்கொள்வதைவிட மரத்தை வெட்டுவது கௌரவமாகப் பட்டது.

“கார் பார்க்கிங் வேணும்கறவங்க?” என்றார் டாக்டர்.

அவளுடையதைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. கார் இல்லாத கைகள்தான் முதலில் உயர்ந்தன.

மனைவி படியேறிப் போனாள். லிஃப்ட் காலியாகத் திறந்து கிடந்தது.

மறுநாள் மெக்கானிக் பூங்காவின் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். மரம் வெட்டுகிற ஆட்களுக்கு அந்த மாதம் முழுக்க வேலை இருந்ததால் வெட்டு தள்ளிப்போனது. பூட்டு மட்டும் உடனே வந்தது.

அந்த வாரத்திலேயே லிஃப்ட் நின்றது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். மெக்கானிக் ஓடிப்போய்க் கதவை நெம்பித் திறந்தால், உள்ளே பஸ் டிரைவர் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். லிஃப்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது.

“என்னப்பா ஆச்சு? பயந்துட்டியா?”

“ஒண்ணும் இல்லைண்ணே. முடிஞ்சுது” என்று டிரைவர் கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, குதித்து இறங்கி, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் டியூஷன் டீச்சர். அதற்கு மறுநாள் ஒரு மாமியாரும் மருமகளும், சேர்ந்தே. கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கத்த இருந்த ஒரே இடம் லிஃப்ட்தான் என்பதை ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயங்காலமானால் கீழ்த்தளத்தில் ஒரு வரிசை, லிஃப்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மளிகைப் பையோடு வீட்டுக்குப் போக வந்தவர்கள் படியேறினார்கள். லிஃப்ட் ஒரு நாளைக்கு நூறு முறை நின்றால் மோட்டார் என்னத்துக்கு ஆகும்? கருகிய வாடை மூன்றாம் மாடிவரை வந்தது.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. ‘லிஃப்டுக்குள் கோபப்படக் கூடாது’ என்று பலகை எழுதி மாட்டினார். அந்தப் பலகையைப் பார்த்தே இரண்டு பேருக்குக் கோபம் வந்தது.

“லிஃப்ட்னா மேல போறதுக்கும் கீழ வர்றதுக்கும்டா! நடுவுல நிக்கறதுக்கு இல்லை!” என்று யாரும் இல்லாத நேரம் பார்த்து மோட்டார் அறையில் கத்தினார். சுவர் அதை நாலு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுநாள் படிக்கட்டில் ஒரு கிழவர், “நேத்து கொஞ்சம் டென்ஷனோ?” என்று பரிவாக விசாரித்தார். மெக்கானிக்கின் ரத்தம் கொதித்தது.

ஆனால் லிஃப்டைவிடப் பெரிய பழுது வீட்டுக்குள் இருந்தது. மனைவி லிஃப்டுக்குப் போகவில்லை. “அது ஆடுது. கத்தறதுக்குக் கால் தரையில இருக்கணும்” என்று ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சண்டையே போடவில்லை.

முதலில் மெக்கானிக் அதை வெற்றி என்று நினைத்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார்.

“சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்றாள் மனைவி, தேன் ஒழுக.

அவர் கேலி என்று எண்ணிச் சிரித்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்த ஆபீஸ் குரல்தான் பேசியது. ‘சற்று நேரம் காத்திருக்கவும்.’ ‘வேறு ஏதாவது உதவி வேணுமா?’ குரல் வெளியில் கழற்றி வைக்க இடம் இல்லாமல் வீட்டோடு வந்துவிட்டிருந்தது. ஆபீஸில் அவளைப் பாராட்டினார்களாம். இவ்வளவு இனிமையாக யாரும் பேசியதில்லையாம். ராத்திரி தூக்கத்தில் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கியர் சரியாக விழாத இயந்திரம் போலக் கேட்டது.

ஒரு சாயங்காலம் மகள் வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அப்பா, அம்மாவோட புதுச் செருப்பைப் பிச்சிட்டேன்.”

“திட்டினாங்களா?”

“இல்லைப்பா. ‘தகவலுக்கு நன்றி’ன்னாங்க.” அவள் சட்டையை விடவில்லை. “ரெண்டாவதையும் வேணும்னேதான் பிச்சேன். அப்பவும் திட்ட மாட்டேங்கறாங்க. பயமா இருக்குப்பா. நீங்க சொல்லி என்னைத் திட்டச் சொல்லுங்கப்பா.”

மெக்கானிக் சமையலறை வாசலில் போய் நின்றார். “இங்க பாரு, என்னையாவது திட்டேன். என்ன வேணா சொல்லு. பூட்டினது நான்தானே? மூதேவின்னு சொல்லேன்.”

அவள் திரும்பினாள். வாயைத் திறக்கப் பார்த்தாள். ஒரு விரற்கடை திறந்ததும் தாடை நின்றுவிட்டது, இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிற லிஃப்ட் மாதிரி. கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலியில் கண்ணீர் வழிந்தது. சத்தம் வரவில்லை.

கைக்கு எட்டிய டாக்டர் முதல் மாடி டாக்டர்தான். வீட்டின் முன்னறைதான் அவர் கிளினிக். அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கை இறக்கி, ஊசி போட்டு, தாடையை மெல்ல அசைத்து விடுவித்தார். கைராசிக்காரர், அதில் குறையில்லை. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

“ராத்திரி பல்லைக் கடிக்கறாங்களா? கடிக்கறாங்க. ஏன்? மனசுக்குள்ள ஏதோ அடக்கி வைக்கறாங்க. அப்படி அடக்கக் கூடாது மேடம். இப்படியே போனா தாடை தேஞ்சிடும், அப்புறம் திறக்கவே திறக்காது. மருந்து எழுதித் தர்றேன். ஆனா மருந்தைவிட என்ன நல்லது தெரியுமா? சாயங்காலம் கொஞ்சம் வெளிய போங்க. பச்சையா நாலு மரம் இருக்கற இடமாப் பாத்து, காலாற நடந்து, மனசு விட்டு… பக்கத்துல எங்கயாவது பார்க் இருக்கா?”

நாற்காலியில் கிடந்தவளின் வாய் மரத்துப்போயிருந்தது. அவள் கண் மட்டும் டாக்டரைப் பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்ததை மெக்கானிக் பார்த்தார். பல வாரங்களாக அவர் தேடிக்கொண்டிருந்த கோபம் முழுசாக அங்கே இருந்தது. வெளியே வர வழிதான் இல்லை. அந்த வழியின் சாவி அவருடைய பேன்ட் பையில், தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது.

“பார்க்கா?” என்றார் மெக்கானிக். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. வெளியே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். “பார்க்கா டாக்டர்?”

“ஆமா. ஏன்?” அவர் நிஜமாகவே கேட்டார். பிறகு ஞாபகம் வந்தவராக, “அட, சொல்ல மறந்துட்டேன் செக்ரெட்டரி. மரம் வெட்டற ஆளுங்க திங்கக்கிழமை காலையில வர்றாங்க. கேட்டைத் திறந்து விட்டுடுங்க” என்றார்.

“வர வேணாம்னு சொல்லிடுங்க.”

“என்னது?”

“சாவி என்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை எவனாவது ரம்பத்தோட வந்தான்னா, லிஃப்டுக்குள்ள தள்ளி நடுவுல நிறுத்திடுவேன். அவனை மட்டும் இல்லை. கூட்டி வர்றவனையும்.”

டாக்டர் வாயைத் திறந்தார். பதில் வரவில்லை.

மெக்கானிக் மனைவியைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டார். மகளை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார். “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்றார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார், படி வழியாக.

பூட்டு துருவேறியிருந்தது. எண்ணெய் போடாத பூட்டைத் தொடவே கூச்சப்படுகிறவர், ஆத்திரத்தில் முறுக்கியே திறந்துவிட்டார். புல் கணுக்கால்வரை வளர்ந்திருந்தது. தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடக்க ஆரம்பித்திருந்தது.

அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஸ்பேனர் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“செயலாளர் என்ற முறையில்…” என்று ஆரம்பித்தார். மரம் கேட்பதாகத் தெரியவில்லை. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஒரு அடி கிட்டே போனார். “பார்க் இருக்காங்கறான். பார்க் இருக்காங்கறான் பாரு, அந்த மனுஷன்! மரத்தை வெட்ட ஆளை வரச் சொல்லிட்டு, மரத்தடியில நடன்னு மருந்து எழுதறான். அவனுக்குத்தான் அறிவில்லை. எனக்கு எங்க போச்சு? பெண்டாட்டி வாய் விட்டுச் சொன்னா. நாலு பேருக்கு முன்னால எழுந்து நின்னு சொன்னா. ஜன்னல்ல நின்னு பல்லைக் காட்டினேனே, நான் மனுஷனா? அந்தக் குழந்தை என்னைத் திட்டச் சொல்லுங்கப்பான்னு அழுவுது. எந்த வீட்டுல குழந்தை இப்படிக் கேட்கும்? எந்த மடையன் வீட்டுல கேட்கும்?”

குரல் உடைந்தது. அவர் அதைத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் கேட் கிறீச்சிட்டது. யாரோ புல்லில் நடந்து ஊஞ்சல் பக்கம் போகிற சத்தம். இன்னொரு ஜோடிச் செருப்பு. அதற்கும் பின்னால் மகளின் வேகமான நடையும், கூடவே ஒரு மெதுவான நடையும். அந்த நடையை அவருக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மரப்பட்டைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.